இலச்சினைப் போட்டியைத் தள்ளிவையுங்கள்: இலகு ரயில் திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நகர இலகு ரயில் திட்டத்தின் தலைவருக்கும், கொள்முதல், வடிவமைப்பு, இயக்கப் பிரிவுகளின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

இலகு ரயில், அதாவது நகரத் தெருக்களில் தண்டவாளத்தில் ஓடும் டிராம் போன்ற வண்டி, என்றதும் முதலில் பெயர் சூட்டும் போட்டி, அடுத்து இலச்சினை (லோகோ) வரையும் போட்டி என்று அடையாள வேலை தொடங்கிவிடுகிறது. இரண்டையும் சில மாதங்கள் தள்ளிவையுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறோம். போக்குவரத்துப் பலகைகள், வரைபடங்கள், வண்டி வடிவமைப்பு, பணிமனைப் பராமரிப்பு ஆகியவற்றில் வேலை செய்கிறவர்கள் நாங்கள். பயணி தினமும் காணப்போகும் அடையாளம் உண்மையில் முடிவாவது டெண்டர் ஆவணத்தில்தான். வண்டிக்கு ஒப்பந்தம் போட்டு முதல் வண்டி தண்டவாளத்துக்கு வர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். ஆனால் முகப்பு, கதவு, சன்னல், திரை இவற்றில் செலவின்றித் திருத்தம் கேட்க முடிவது முதல் சில மாதங்களில் மட்டுமே. வடிவம் உறைந்த பிறகு, அதாவது இனி மாற்றமில்லை என்று முடிவான பிறகு, கேட்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி விலைப்பட்டியல் வரும். அந்த நிலையில் வந்து சேரும் இலச்சினை, முடிந்துபோன வேலையின் மேல் ஒட்டும் ஸ்டிக்கர்தான்.

முதலில் தடங்களின் பெயர். நிறத்தை மட்டும் பெயராக வைக்காதீர்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு, பச்சையைப் பிரித்தறிவதில் ஏதோ ஒரு குறை உண்டு. மற்ற மக்களிடையே விகிதம் மாறினாலும் எந்த ஊரிலும் அது பூச்சியமில்லை. அந்தி வெளிச்சத்திலும், வெயிலில் வெளுத்த பலகையிலும், கருப்பு வெள்ளை நகலெடுத்த துண்டறிக்கையிலும் நிறம் எல்லோருக்குமே கைவிட்டுப் போகும். எண், நிறம், கடைசி நிறுத்தத்தின் பெயர் மூன்றும் எப்போதும் சேர்ந்தே வரட்டும். சிட்னியில் இலகு ரயிலுக்கு எல், ரயிலுக்கு டி, மெட்ரோவுக்கு எம், படகுக்கு எஃப் என்று ஓர் எழுத்தும் அதன்பின் தட எண்ணும் வைத்திருக்கிறார்கள். ரயிலில் வந்து இலகு ரயிலுக்கு மாறுகிறவருக்கு இரண்டும் ஒரே வலையமைப்பு என்பது பார்த்த உடனே தெரிகிறது. இலகு ரயிலுக்கெனத் தனிப் பெயர், தனி வரைபடம், தனிச் செயலி என்று போனால், விளம்பரத்தில் அது பளிச்சென்று இருக்கும். வண்டி மாறும் இடத்தில் பயணி தடுமாறுவார்.

அடுத்து வரப்போவதைத்தான் மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். தடத்தின் நிறத்தை வண்டியின் மேல் பூசாதீர்கள்.

மூன்று தடங்கள், தடத்துக்கு எட்டு வண்டி என்று வைத்துக்கொள்வோம். 24 வண்டிகளும் எந்தத் தடத்திலும் ஓடலாம் என்றால், பராமரிப்புக்கும் பழுதுக்குமாகக் கூடுதலாக மூன்று வண்டிகள் வைத்துக்கொண்டு சமாளிக்கலாம். தடத்துக்கொரு நிறம் பூசிவிட்டால் ஒவ்வொரு தடத்துக்கும் பணிமனையில் ஒன்று, திடீர்ப் பழுதுக்கு ஒன்று என ஆறு தேவைப்படும். அந்த ஆறையும் வாங்கப் பணமிராது. ஒரு நாள் காலை இரண்டு வண்டிகள் படுத்துவிடும். சிவப்புத் தடத்தில் நீல வண்டி வந்து நிற்கும். நடைமேடையில் இருப்பவர் அது தன் வண்டியில்லை என்று விட்டுவிடுவார். பிரான்சின் மோன்பெலியே நகரத்தில் 2000-ல் திறந்த முதல் தடத்து வண்டிகளுக்கு நீலத்தில் வெள்ளைத் தகைவிலான் குருவிகள். 2006-ல் வந்த இரண்டாம் தடத்துக்குப் பூக்கள். 2012-ல் வந்த மூன்றாம், நான்காம் தடங்களின் தோற்றத்தை வடிவமைத்தவர் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியான் லாக்ருவா. அந்த வண்டிகள் அழகானவை, ஊரின் முகமாகவே ஆகிவிட்டவை. ஆனால் அந்த அழகின் விலையில் கூடுதல் வண்டிகளும், தடம்தோறும் தனி பெயிண்ட் கையிருப்பும் அடக்கம் என்பதைப் படங்களைக் காட்டி உங்களிடம் வருகிறவர்கள் சொல்ல மாட்டார்கள். வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வண்ணம் இருக்கட்டும். தடத்தின் நிறமும் எண்ணும் முகப்பிலும் பக்கத்திலும் உள்ள எல்இடி திரையில் வரட்டும். அதை ஒரு நொடியில் மாற்றலாம்.

அந்த ஒரே வண்ணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பணிமனைக்காரர்களையும் கூட்டத்தில் உட்கார வையுங்கள். தெருவில் ஓடும் வண்டி அடிபடும். அதிகம் அடிபடுவது சக்கரங்களை மறைக்கும் கீழ்ப்புறத் தகடுகளும் முகப்பின் மூலைகளும்தான். உலோகப் பொடி கலந்த மினுமினுப்புப் பெயிண்டைப் பிற்பாடு ஒட்டுப்போட்டால், பழைய தகடும் புதியதும் வெயிலில் இரு நிறமாகத் தெரியும். கீழ்த்தகடுகள் அடர்ந்த, மினுப்பில்லாத ஒரே நிறத்தில் இருந்தால் எந்த வண்டியின் தகட்டையும் எந்த வண்டியிலும் மாட்டலாம். தகட்டின் இணைப்புகளைத் தாண்டிச் செல்லும் அலைக்கோடு, சாய்கோடு, பெரிய எழுத்து எதுவும் வேண்டாம். ஒரு தகடு மாறினாலும் கோடு பிசகிவிடும். கதவையும் பாருங்கள். இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் கதவு வெளியே தள்ளிக்கொண்டு உடலின் பக்கமாக நகரும். கதவை ஒட்டி எழுதிய வண்டி எண்ணும், சக்கர நாற்காலிச் சின்னமும் கதவு திறந்ததும் மறைந்துபோகும். அவை தேவைப்படுவது அந்த நேரத்தில்தான்.

முகப்பு கருப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் கணினிப் படத்தில் நவீனமாகத் தெரியும். மழை நாளில், தார்ச்சாலையின் பின்னணியில், பார்வை குறைந்தவருக்கு அந்த வண்டி தெரியாது. இலகு ரயில் மக்கள் நடக்கும் தெருவில் ஏறக்குறைய ஓசையின்றி வரும் வாகனம். பிரிட்டனின் மான்செஸ்டர் நகரம் தன் வண்டிகளின் முகப்பில் பளிச்சென்ற மஞ்சளை வைத்திருக்கிறது. உங்கள் நிறம் வேறாக இருக்கலாம். ஆனால் தெருவின் நிறத்திலிருந்து விலகி நிற்க வேண்டும்.

நடைமேடைக்கும் வண்டித் தரைக்கும் உள்ள இடைவெளியும் அடையாளத்தில் சேர்ந்ததே. படியேறாமல் நுழையும்படி தரை தாழ்ந்திருக்கும் தாழ்தள வண்டிகளுக்கு நடைமேடை பொதுவாக 300 முதல் 350 மில்லிமீட்டர் உயரம். பிரிட்டனின் ரயில் வண்டி அணுகல் விதிகளின்படி இடைவெளி கிடைமட்டத்தில் 75 மில்லிமீட்டரையோ செங்குத்தில் 50 மில்லிமீட்டரையோ தாண்டினால் சக்கர நாற்காலிக்குச் சாய்வுப் பலகை வேண்டும். சக்கரம் தேயத் தேய வண்டித் தரை கீழிறங்கும். கூட்டம் ஏறினாலும் இறங்கும். தரை நடைமேடைக்குக் கீழே போய்விட்டால் வெளியே தள்ளும் கதவு நடைமேடையில் உரசும். ஆகவே நடைமேடையின் உயரத்தைப் புதுச் சக்கரத்துக்கு மட்டுமல்லாமல், தேய்ந்த சக்கரமும் முழுக் கூட்டமும் சேர்ந்த நிலைக்கும் கணக்கிட்டு, வண்டி ஒப்பந்தம், கட்டுமான ஒப்பந்தம் இரண்டிலும் ஒரே எண்ணாக எழுதுங்கள். இரு ஒப்பந்தக்காரர்களும் தத்தம் எண்ணைச் சரியென்று காட்டி, இரண்டும் பொருந்தாமல் போவதுதான் வழக்கமான கோளாறு.

நிறுத்தங்களின் பெயர் சுருக்கமாக இருக்கட்டும். ஒன்றுபோல் ஒலிக்கும் இரு பெயர்கள் ஒரே தடத்தில் வேண்டாம். விளம்பரதாரரின் பெயரை நிறுத்தத்துக்கு விற்காதீர்கள். ஒப்பந்தம் முடியும் நாளில் பலகை, வரைபடம், அறிவிப்பு, செயலி அத்தனையையும் மாற்ற வேண்டிவரும். படிக்கத் தெரியாதவர்களையும் எண்ணிப் பாருங்கள். மெக்சிகோ நகர மெட்ரோ 1969-ல் திறந்தபோதே ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சின்னம் வைத்தது. லான்ஸ் வைமன் வடிவமைத்த அந்தச் சின்னங்களைப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடலாம். ஜப்பானின் ஃபுகுவோகா சுரங்க ரயிலிலும் நிலையத்துக்கொரு சின்னம் உண்டு.

எழுத்தின் அளவுக்கு எளிய கணக்கு இருக்கிறது. ஏழரை முதல் பத்து மீட்டர் தொலைவிலிருந்து படிக்க, ஆங்கிலப் பெரிய எழுத்து குறைந்தது 25 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். இது கண் நன்றாகத் தெரிகிறவருக்கு. பலகையில் தமிழும் இருந்தால் அதே எழுத்தளவைத் (பாயிண்ட்) தமிழுக்கும் போட்டுவிட்டு நகரக் கூடாது. ‘கீ’யின் மேல்சுழியும் ‘ளூ’வின் கீழ்வளைவும் வரிக்கு வெளியே போகும். அவற்றுக்கு இடம் விட்டால் எழுத்தின் உடல் சுருங்கிவிடும். இடம் விடாவிட்டால் மேல்வரியில் முட்டும். 16 விளக்குப் புள்ளிகள் உயரமுள்ள எல்இடி பலகையில் ஆங்கிலம் தெளிவாக வரும். தமிழில் சுழி நிரம்பி, ‘கி’யும் ‘கீ’யும் ஒன்றாகிவிடும். வண்டி வாங்கும்போதே திரையின் புள்ளி உயரத்தைக் கேட்டுப் பெறுங்கள். உங்கள் மிக நீளமான நிறுத்தப் பெயரை அந்தத் திரையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் பெயர் நகர்ந்துகொண்டே ஓடும். வண்டி வந்து நிற்கும் சில நொடிகளில் பாதிப் பெயர்தான் தெரியும்.

எழுத்துருவின் உரிமத்தை நிரந்தரமாக, வண்டித் திரைக்கும் செயலிக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் சேர்த்து வாங்குங்கள். லண்டன் சுரங்க ரயிலின் ஜான்ஸ்டன் எழுத்து 1916-ல் வந்தது, திருத்தங்களோடு இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் உரிமத்தை நம்பி அவ்வளவு காலம் ஓட்ட முடியாது.

பலகைகளைப் பொறுத்தவரை, வெயில் படும் பக்கத்தில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும். எனாமல் சுட்ட எஃகுப் பலகை பல பத்தாண்டுகள் நிற்கும். ஆனால் அதில் ஒரு சொல்லைத் திருத்த முடியாது. பெயர்ப்பட்டையை எனாமலிலும், தட விவரத்தைக் கழற்றி மாட்டும் தனித் தகட்டிலும் செய்யுங்கள். தடம் நீளும்போது தகடு மட்டும் மாறும்.

வரைபடத்துக்கு ஹாரி பெக் 1933-ல் லண்டன் சுரங்க ரயிலுக்குத் தந்த வழி, நேர்கோடும் 45 பாகைச் சாய்வும், வண்டிக்குள் நன்றாக உதவும். தரையில் ஓடும் இலகு ரயிலில் நிறுத்தங்கள் நெருக்கமாக இருக்கும்; அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தே போய்விடலாம். அதனால் நிறுத்தத்தில் மட்டும் உண்மை அளவிலான தெரு வரைபடமும் இருக்கட்டும். அதை நிற்பவர் பார்க்கும் திசைக்கே திருப்பி மாட்டுங்கள். வடக்கு மேலே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை.

வண்டி வரும் நேரத்தைக் காட்டும் திரைக்கு, தகவல் அறுந்தால் என்ன காட்ட வேண்டும் என்பதையும் எழுதிவையுங்கள். ‘3 நிமிடம்’ என்று உறைந்து நிற்கும் திரையை ஒருமுறை கண்டவர் மறுமுறை அதை நம்ப மாட்டார். தொடர்பு போனதும் அட்டவணை நேரத்துக்கு மாறி, அது அட்டவணை நேரம் என்று சொல்ல வேண்டும்.

விளம்பரத்துக்கு வருவோம். வண்டி முழுவதையும் சன்னல் கண்ணாடியோடு சேர்த்துப் போர்த்தும் துளைப்படலம் (சிறு துளைகள் கொண்ட விளம்பர ஒட்டுத்தாள்) வருமானம் தரும். உள்ளிருப்பவருக்கு அதன் வழியே மழைநாளிலும் இரவிலும் நிறுத்தத்தின் பெயர் தெரியாது. 1994-ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரம் அகன்ற சன்னல்களும் முழுத் தாழ்தளமும் கொண்ட வண்டியை இறக்கியபோது அந்தச் சன்னல்களே அதன் அடையாளம் ஆயின. சன்னல் கோட்டுக்குக் கீழே மட்டும், முகப்பையும் கதவையும் தொடாமல் என்று விளம்பர ஒப்பந்தத்திலேயே வரம்பு போடுங்கள்.

விளம்பரப் பரப்புரையை எப்போது தொடங்குவது என்பதிலும் அவசரம் வேண்டாம். மக்கள் உங்கள் பெயரை முதலில் படிக்கப்போவது தோண்டிய சாலையின் தடுப்புத் தகட்டில். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர டிராம் 2011-ல் திறக்க இருந்து, 2014 மே 31 அன்றுதான் திறந்தது. அதுவரை அந்தப் பெயர் மக்களிடம் தாமதத்தையும் செலவையும்தான் குறித்தது. தடுப்புத் தகட்டில் இலச்சினையைவிட, எந்தக் கடைக்கு எந்த வழி, எந்தத் தேதிவரை, யாரைக் கேட்பது என்பவை பெரிதாக இருக்கட்டும்.

இவை எல்லாவற்றையும் ஒரு கையேட்டில் எழுதினால் மட்டும் போதாது. நியூயார்க் சுரங்க ரயில் பலகைகளுக்கு வரைந்து கொடுத்த வடிவத்தில், பலகையைத் தாங்கும் உலோகப் பட்டை கருப்பாகக் காட்டப்பட்டிருந்தது. பலகை செய்த பட்டறை அதைக் கருப்புக் கோடு என்று புரிந்துகொண்டு பலகையின் மேலேயே வரைந்துவிட்டது. அந்தக் கோடு இன்றும் தொடர்கிறது. அங்கே அது தீங்கில்லாமல் போயிற்று. உங்கள் பட்டறை அப்படிப் புரிந்துகொள்வது நடைமேடை விளிம்பின் எச்சரிக்கைப் பட்டையாக இருந்தால் தீங்கில்லாமல் போகாது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. வடிவமைப்புக்கு ஒரே பொறுப்பாளரை நியமியுங்கள். அவர் கையெழுத்தில்லாமல் வண்டி, நிறுத்தம், பலகை, செயலி எதற்கும் பணம் விடுவிக்கப்படக் கூடாது. வண்டி டெண்டரில் கதவு, ஓட்டுநர் அறை, இருக்கை, திரையோடு முழு அளவு மாதிரியைக் கேளுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர்களும், பார்வைக் குறைபாடு உள்ளவர்களும், ஓட்டுநர்களும், துப்புரவுப் பணியாளர்களும் அதில் ஏறி இறங்கிச் சொல்லும் திருத்தங்கள் முடிந்த பின்பே வடிவத்தை உறையவிடுங்கள். பெயிண்ட், படலம், அச்சு, திரை நான்குக்கும் தனித்தனி வண்ண எண்களை நிர்ணயித்து, ஒப்புதல் தந்த வண்ண அட்டைகளை வெயில் படாத பெட்டியில் பணிமனையில் வையுங்கள். ஒரே ஒரு நிறுத்தத்தைத் தடம் திறப்பதற்கு ஓராண்டு முன்பே முழுமையாகக் கட்டி, ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்த பிறகு மற்ற நிறுத்தங்களின் பலகைகளுக்கு ஆர்டர் கொடுங்கள். இலச்சினைப் போட்டியை அந்த நிறுத்தம் எழுந்த பின் அறிவிக்கலாம்.

இப்படிக்கு,
பொதுப் போக்குவரத்து வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் பணியாற்றுவோர்