தர்ப்பண மந்திரத்தைப் பொருளோடு வெளியிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடி அமாவாசை காலையில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. எள்ளும் தர்ப்பையுமாக வரிசை வரிசையாக உட்கார்ந்து, சாஸ்திரிகள் சொல்லச் சொல்ல எல்லாரும் திருப்பிச் சொல்கிறார்கள். என்ன சொல்கிறோம் என்று தெரிந்து சொல்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்களே என்பதுதான் என் கவலை.

தந்தை, பாட்டனார், கொள்ளுப்பாட்டனார் என்று மூன்று தலைமுறைக்கும், அப்படியே தாய்வழியாருக்கும் பெயரும் கோத்திரமும் சொல்லி நீர் விடுகிறோம். அதுவரை யாருக்கும் புரியும். முடிவில், தர்ப்பைப் புல்லை முடிச்சிட்டுச் செய்த கூர்ச்சத்தைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு, ‘யேஷாம் ந மாதா ந பிதா’ என்று தொடங்கும் மந்திரத்தைச் சொல்கிறோம். தாய், தந்தை, சுற்றம் என்று எவருமே இல்லாதவர்கள் யாரோ, அவர்கள் எல்லாரும் நான் விடும் இந்தத் தர்ப்பை நீரால் திருப்தி அடையட்டும் என்பது அதன் பொருள். நீர் விட நாதியற்றுப் போனவர்களுக்கும் நம் கை நீர் போய்ச் சேரட்டும் என்று வேண்டுகிறோம். எவ்வளவு பெரிய மனசு இதைச் சொல்ல வைத்திருக்கிறது! அந்த இடத்தில்தான் பாதிப் பேர் எழுந்திருக்கும் அவசரத்தில் இருக்கிறார்கள். பார்க்க மனம் பொறுக்கவில்லை.

மந்திரத்துக்கு ஒலி போதும், பொருள் எதற்கு என்று சிலர் சொல்கிறார்கள். ஒலிக்கு மதிப்பு உண்டு. ஸ்வரம் பிசகக் கூடாது என்றுதானே பதம், கிரமம், ஜடை, கனம் என வேதத்தை மாற்றி மாற்றி ஓதிக் காத்தார்கள்! அதே மரபில் வந்த, வேதச் சொற்களுக்குப் பொருள் விளக்கும் நூலான யாஸ்கரின் நிருக்தம்தான், பொருள் அறியாமல் வேதம் ஓதுபவனைச் சுமை தாங்கும் தூண் என்கிறது. மாணிக்கவாசகரும் சிவபுராணத்தை முடிக்கும்போது, ‘சொல்லிய பாட்டின் பொருள் உணர்ந்து சொல்லுவார்’ சிவபுரம் சேர்வார்கள் என்றே பாடுகிறார்.

சாஸ்திரிகளை நான் குறை சொல்லமாட்டேன். அடுத்த வரிசை காத்திருக்கும்போது அவர் நின்று விளக்க முடியாது. வீட்டிலேயே படித்துவிட்டுப் போக வேண்டியது நாம்தான்.

புரட்டாசி மகாளய அமாவாசைக்கு முன்பாகத் தர்ப்பண மந்திரங்களைத் தமிழ்ப் பொருளுடன் ஒரு பக்கம் வெளியிட வேண்டுகிறேன். ரிக், யஜுர், சாம வேதத்தாருக்குச் சொல்லும் முறையில் சில வேறுபாடுகள் உண்டு. அவற்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டால் எல்லா வீட்டிலும் பயன்படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்ரீரங்கம்