போர்டை வாங்கும்போதே சாக்கெட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்

மதர்போர்டு கம்பெனிகளின் இந்திய அலுவலகங்களுக்கும், அவர்களுடைய டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கும், வாரண்டிக்கு வரும் போர்டுகளை வாங்கிவைக்கும் சர்வீஸ் சென்டர்களை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். சிவகாசியில் சிஸ்டம் அசெம்பிள் செய்து விற்கும் ஒரு சின்னக் கடையிலிருந்து எழுதுகிறேன். வாரண்டிக்குக் கொடுத்த மதர்போர்டை, "பிசிகல் டேமேஜ், சாக்கெட் பின் பெண்ட், ரிஜெக்டட்", அதாவது பிராசசர் உட்காரும் சாக்கெட்டில் பின் வளைந்திருக்கிறது, எடுக்க மாட்டோம் என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புவது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கம்ப்யூட்டர் கடையில் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் முன்கதை எல்லாம் வேண்டாம். நேராகக் கேட்கிறேன்: வாரண்டிக்கு வரும் மதர்போர்டை கவுண்டரில் வாங்கும்போதே, கொடுப்பவர் கண் எதிரில், சாக்கெட் மூடியைத் திறந்து பின்களைப் பாருங்கள். ஒரு போட்டோ எடுங்கள். "பின் நன்றாக இருக்கிறது" என்றோ "வளைந்திருக்கிறது" என்றோ ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

இதை எழுத வைத்தது ஒரு காலண்டர் டிசைனருக்கு நான் கட்டிக்கொடுத்த சிஸ்டம். எங்கள் ஊரில் அடுத்த வருட காலண்டர் மாடல்களைத் தொகுத்த ஆல்பம் ஆடிப்பெருக்கு அன்று வெளியாகும், அதற்கு முந்தைய ஆனி மாதத்தில் டிசைன் வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டைக்கூட சீட்டிலேயே முடித்துக்கொள்வார்கள். அந்த நேரம் பார்த்து அவர் சிஸ்டத்தில் நெட் கேபிள் சொருகும் லேன் போர்ட் காணாமல் போனது, விண்டோஸின் டிவைஸ் மேனேஜர் பட்டியலிலேயே இல்லை. அது மட்டும் என்றால் ஒரு லேன் கார்டைச் சொருகிவிட்டு வேலையைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். நான்கு நாளில் காலையில் பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடும் என்ற நிலைக்கு வந்தது. எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தாச்சு, ரேம் மாற்றிப் பார்த்தாச்சு, பிராசசரை வேறு போர்டில் போட்டால் ஜம்மென்று ஓடுகிறது. போர்டுதான். வாரண்டி மூன்று வருடம், வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை.

போர்டைக் கழற்றி, பத்திரமாக வைத்திருந்த பிளாஸ்டிக் மூடியை சாக்கெட்டில் பொருத்தி, ஆன்டி ஸ்டாடிக் கவரில் போட்டு, அதே அட்டைப்பெட்டியில் வைத்து மதுரைக்கு பஸ் ஏறினேன். கவுண்டரில் இருந்த பையன் பில்லைப் பார்த்தான், சீரியல் நம்பரை ஸ்கேன் செய்தான், மூடி இருக்கிறதா என்று பார்த்தான், ஜாப் ஷீட்டில் "நோ பவர்" என்று எழுதினான், அவ்வளவுதான். "தம்பி, மூடியைத் திறந்து பின்னைப் பார்த்துக்கோங்க" என்றேன். "அதெல்லாம் சென்னையில பார்ப்பாங்க சார்" என்றான். சரி, நான் ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று போனை எடுத்தால் சுவரைக் காட்டினான். புகைப்படம், வீடியோ எடுக்கக் கூடாது என்று லேமினேட் செய்த ஒரு தாள். என்ன ராணுவ ரகசியம் அங்கே இருக்கிறதோ தெரியவில்லை.

அப்புறம் சென்னையிலிருந்து மெசேஜ் வந்தது: கஸ்டமரால் ஏற்பட்ட சேதம், சாக்கெட் பின் வளைந்திருக்கிறது, வாரண்டி கிடையாது.

லேனும் பவரும் போன போர்டுக்கு இப்படி ஒரு பதில். போர்டு திரும்பி வந்ததையும் சொல்ல வேண்டும். பபுள் ராப்பில் சுற்றி, ஆன்டி ஸ்டாடிக் கவர் இல்லாமல், சாக்கெட் மூடியும் இல்லாமல் வந்தது. மூடி இல்லாவிட்டால் வாரண்டிக்கே எடுக்க மாட்டோம் என்று மேனுவலில் அச்சடித்து வைத்திருக்கிறீர்களே, அந்த மூடியைத்தான் சொல்கிறேன். நான் எட்டு மாதம் டப்பாவில் போட்டுக் காப்பாற்றி வைத்திருந்ததை நீங்கள் ஒரு கூரியரில் தொலைத்துவிட்டீர்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன், ஓரத்தில் இரண்டு பின் சாய்ந்திருந்தது உண்மைதான். சாய்த்தது யார்?

வெளியில் இருந்து படிப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். முன்பெல்லாம் பின் பிராசசரில் இருக்கும், சாக்கெட்டில் ஓட்டை இருக்கும். இன்டெல் 2004-இல் எல்ஜிஏ 775 என்ற சாக்கெட்டைக் கொண்டு வந்தபோது பின்னை மதர்போர்டுக்கு மாற்றியது. போட்டிக் கம்பெனியான ஏஎம்டி, சாதாரண டெஸ்க்டாப்பில் ஏஎம்4 சாக்கெட் வரைக்கும் பிராசசரிலேயே பின்னை வைத்திருந்தது, 1331 பின். ஒன்று வளைந்தால் பிளேடு நுனியை வைத்து மெதுவாக நிமிர்த்திவிடலாம், பலபேர் நிமிர்த்தியிருக்கிறோம். 2022-இல் ஏஎம்5 வந்ததும் அவர்களும் போர்டுக்கு மாறிவிட்டார்கள், 1718. இன்டெல்லின் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு 1700, 2024-இல் வந்த புது சாக்கெட்டில் 1851. எல்லாமே தலைமயிர் மாதிரி மெல்லிய ஸ்பிரிங், வரிசையாக ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் ஒரே சீராக மின்னும், நடுவில் ஒன்று வளைந்திருந்தால் அந்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும். கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும், இன்ஜினியரிங் டிகிரி தேவையில்லை.

அதாவது, இப்போதைய புதுத் தலைமுறை சிஸ்டங்களில், எந்தக் கம்பெனி பிராசசர் போட்டாலும், உடையக்கூடிய பாகம் மதர்போர்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. பிராசசர் மேலே பூட்டி, கூலர் வைத்து இறுக்கிய பிறகு அந்தப் பின் தானாக வளையாது. பிராசசரைக் கழற்றும்போது வளையலாம், மூடியைப் போடும்போது வளையலாம், மூடியை எடுக்கும்போதும் வளையலாம். இதில் முதல் இரண்டும் என் மேஜையில் நடப்பவை, அதற்கு நான் பொறுப்பு, மறுக்கவே இல்லை. மூன்றாவது உங்கள் மேஜையில் நடப்பது. எந்த மேஜையில் வளைந்தது என்று பிரித்துச் சொல்லக்கூடிய ஒரே இடம் கவுண்டர். அந்த இடத்தில்தான் யாரும் பார்க்க மாட்டோம் என்கிறீர்கள்.

எங்கள் ஊர் அடகுக் கடையில் ஒரு மூக்குத்தியைக் கொண்டுபோய் வைத்தாலும், நம் கண் முன்னாடி தராசில் போட்டு, கல்லுக்குக் கழித்து, எடையை ரசீதில் எழுதித்தான் உள்ளே கொண்டுபோகிறார்கள். பன்னிரண்டாயிரம் ரூபாய் போர்டுக்கு அந்த மரியாதை இல்லை.

இந்தப் பணத்தை யார் கட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். டிசைனரிடம் போய், கம்பெனி இப்படிச் சொல்லிவிட்டது, நீங்கள் இன்னொரு போர்டு வாங்குங்கள் என்று என்னால் சொல்ல முடியாது. அவருக்கு உங்கள் பெயர் ஒரு ஸ்டிக்கர்தான். பில்லில் இருப்பது என் கடைப் பெயர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வந்த பிறகு அவர் தன் சொந்த மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், முதல் நோட்டீஸ் என் கடைக்குத்தான் வரும். அவர் அப்படிப்பட்டவர் இல்லை, ஆனால் ஆல்பம் வேலை நிற்கிறது என்று அவர் போன் செய்யும் குரலுக்கு நோட்டீஸே பரவாயில்லை. கடை ஸ்டாக்கிலிருந்து புதுப் போர்டை எடுத்து மாட்டிக் கொடுத்தேன். ஒரு சிஸ்டம் கட்டினால் இரண்டாயிரம், மூவாயிரம் நிற்கும். இந்த ஒரு போர்டில் நாலைந்து சிஸ்டத்தின் லாபம் போய்விட்டது.

போகிற போக்கில் இன்னொன்று. லைஃப்டைம் வாரண்டி என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்ற ரேம் ஒன்று செத்துப்போனதும், ஸ்டாக் இல்லை, பழைய பில் விலைக்கு கிரெடிட் நோட் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். ஏஐ சர்வர்களுக்கு மெமரி போய்க்கொண்டிருப்பதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியாதா? ரேம் தயாரிக்கும் மைக்ரான் தன் குரூசியல் பெயரில் கடைகளுக்கு விற்பதையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. பழைய பில் விலைக்கு இன்றைக்கு ரேமின் மேலே ஒட்டியிருக்கும் ஹீட்சிங்க் தகடுதான் கிடைக்கும். அப்புறம் நன்றாக விற்கிற கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றால் கூடவே விற்காத போர்டு இரண்டு எடுக்க வேண்டும் என்பது, டீலருக்குக் கொடுக்கும் விலையைவிடக் குறைவாக ஆன்லைனில் அதே பொருள் ஓடுவது, அதைப் பார்த்துவிட்டு கஸ்டமர் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்ப்பது... இதையெல்லாம் எழுதினால் இந்த மடல் முடியாது. அவை வியாபாரத் தகராறு, பேசித் தீர்த்துக்கொள்ளலாம். நான் கேட்க வந்தது பின் விஷயம்.

கூட்டம் அதிகம், ஒவ்வொரு போர்டையும் திறந்து பார்க்க நேரம் இல்லை என்று சொல்வீர்கள். சீரியல் நம்பர் ஸ்டிக்கர் ஓரம் கிழிந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்க மட்டும் நேரம் இருக்கிறதே. கவுண்டரில் இருப்பவர்களுக்குப் பயிற்சி இல்லை என்பீர்கள். ஒரு போனும் டார்ச்சும் போதும், நான் வந்து அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுக்கிறேன், காசு வேண்டாம். வளைந்த பின்னோடு போர்டைக் கொண்டுவந்து ஏமாற்றும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள் என்றும் சொல்வீர்கள். இருக்கிறார்கள்தான், நானே இரண்டு பேரைக் காட்டுவேன். அவர்களைப் பிடிப்பதற்கும் கவுண்டரில் பார்ப்பதுதானே வழி? அங்கேயே முகத்துக்கு நேராக, "அண்ணாச்சி, பின் போயிருக்கு, எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டால் அவரும் வாய் திறக்க மாட்டார், உங்களுக்கும் சென்னை கூரியர் செலவு மிச்சம்.

மனசு வைத்தால் முடியாதது இல்லை. 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்களில் வோல்டேஜ் சிக்கல் வந்தபோது, 2024-இல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, பாக்ஸில் விற்ற பிராசசர்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் கூட்டிக் கொடுத்தது. தாமதமாகத்தான் செய்தார்கள், ஆனாலும் அதற்குப் பிறகு பெட்டி இல்லாமல் வரும் டிரே பிராசசர் விலை குறைவு என்று யார் கேட்டாலும் பாக்ஸ்தான் எடுங்கள் என்று என்னால் தைரியமாகச் சொல்ல முடிகிறது. போர்டு விஷயத்தில் அந்த தைரியம் வரமாட்டேன் என்கிறது. முன்பு ஒரு போர்டைத் தேர்ந்தெடுத்தால் பிராசசருக்கு மின்சாரம் சீராக்கும் விஆர்எம் எத்தனை ஃபேஸ், ஹீட்சிங்க் எவ்வளவு பெரிது, பயோஸ் அப்டேட் ஒழுங்காக வருகிறதா, எஸ்எஸ்டி சொருக எத்தனை எம்.2 ஸ்லாட் என்று பார்ப்பேன். இப்போது அதற்கெல்லாம் முன்னால், இந்தக் கம்பெனி ஆள் மதுரையில் போர்டை எப்படி வாங்குகிறார் என்று பார்க்கிறேன். இரண்டு போர்டு ஒரே விலையில் இருந்தால், ஸ்பெக் கொஞ்சம் குறைவானாலும், கவுண்டரில் மரியாதையாக வாங்குகிறவர்கள் போர்டைத்தான் சிபாரிசு செய்கிறேன். விளம்பரத்துக்கு நீங்கள் கொட்டும் பணத்தைவிட எங்களைப் போன்ற கடைக்காரன் வாய் ஒரு சின்ன ஊரில் அதிகம் விற்கும் என்பது உங்கள் சேல்ஸ் ஆட்களுக்குத் தெரியும், கேட்டுப் பாருங்கள்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் மன்னிக்கவும். கேட்பது சலுகை இல்லை, இலவசம் இல்லை. போர்டு உங்கள் கைக்கு மாறும் அந்த இடத்திலேயே சாக்கெட்டைப் பாருங்கள், போட்டோ எடுங்கள், ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் ரிஜெக்ட் செய்தால் அந்தப் போட்டோவையும் உங்கள் லேபில் எடுத்த போட்டோவையும் சேர்த்து அனுப்புங்கள், வித்தியாசம் இருந்தால் போர்டை மாற்றிக் கொடுங்கள். எல்லா ஊர் கவுண்டருக்கும் இதை ஒரு சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். என் போர்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, உங்களில் யாருடையது என்று உங்கள் ரெக்கார்டில் பார்த்தால் தெரியும், திரும்ப எடுத்துக்கொள்வதாக இருந்தால் கொண்டுவருகிறேன்.

சுற்றறிக்கைக்கு நாள் ஆகும் என்றால், சுவரில் இருக்கும் அந்த லேமினேட் தாளையாவது இன்றைக்கே எடுத்துவிடுங்கள். போட்டோவை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிவகாசியிலிருந்து ஒரு அசெம்பிளர்