குமரிக் கடற்கரையில் உதவிய பெரியவருக்கு நன்றி

கடந்த மாசியில், கன்னியாகுமரியில் கதிரவன் மறைந்தபின், ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்துத் திருவள்ளுவர் சிலையையும் சூழ்ந்த கடலையும் படமெடுக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்த என்னிடம் தாமாகவே வந்து பேசிய ஐயா, தங்களுக்கு என் நன்றி. ஈர மணலில் நிறுத்திய ட்ரைபாடின் கால்களை ஒவ்வோர் அலையும் அரித்துக்கொண்டே இருந்ததால், 133 அடிச் சிலை எல்லாப் படங்களிலும் கலங்கித் தெரிந்தது. நானோ லென்ஸைக் குறைகூறிக்கொண்டிருந்தேன். தாங்கள் ட்ரைபாடைப் பாறைக்கு மாற்றி, அதன் நடுக்கொக்கியில் என் கனத்த பையைத் தொங்கவிட்டீர்கள். பிறகு ஷட்டர் திறந்திருக்க வேண்டிய நேரத்தின் கணக்கையும் பொறுமையாக விளக்கினீர்கள்: ஃபில்டர் இல்லாமல் அரை விநாடி போதுமென்றால், ஒளியை 64இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி ஃபில்டருக்கு 32 விநாடி வேண்டும், ஆனால் அந்தி வெளிச்சம் அதற்குள்ளேயே மங்கிவிடுவதால் 45 விநாடி கொடுப்பதே சரி. என் கேமராவின் 30 விநாடி வரம்பைத் தாண்டி, வேண்டும்வரை ஷட்டரைத் திறந்துவைக்கும் பல்ப் முறையைக் காட்டி, கேமராவைத் தொடாமலே ஷட்டரை இயக்க உதவும் தங்கள் கேபிள் ரிலீஸையும் இரவல் தந்தீர்கள். அலைகள் பனிமூட்டமாகக் கரைய, ஊதா வானத்தின் கீழ் சிலை மட்டும் அசையாமல் நின்ற அந்தப் படத்தின் பிரதி ஒன்றைத் தங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.