மின்னணுச் செய்முறைக் கூடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஹைடெக் லேபை ஒட்டியிருந்த பழைய கிடங்கு அறை, மின்னணுச் செய்முறைக் கூடமாக மாணவியரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. வரவு ரூ.2,12,400. செலவு ரூ.2,00,000. இதில் வயரிங், தரை, ஜன்னல் வேலைக்கு 68,500, மேசை பத்துக்கு 66,000, ஆர்டுயினோ கிட் (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணு போர்டும் அதன் உதிரிகளும்) இருபதுக்கு 45,000, மல்டிமீட்டர், சால்டரிங் கருவிகளுக்கு 14,500, உதிரிபாகங்களுக்கு 6,000. கணினிகள் ஹைடெக் லேபில் இருப்பவையே போதும் என்பதால் வாங்கவில்லை.

உடைவதற்கென்றே 6,000 ரூபாயா என்று சிலர் கேட்டீர்கள். பல இடங்களில் கருவிகள் பீரோவை விட்டு வெளியே வராததற்குக் காரணம் இருப்புப் பதிவேடுதான். ஒன்று குறைந்தாலும் பொறுப்பாசிரியர் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே எல்இடி, ரெசிஸ்டர், ஜம்பர் வயர், சிறு மோட்டார் எல்லாவற்றையும் நுகர்பொருள் பதிவேட்டில் ஏற்றச் சொன்னோம். கருகியதைப் போட்டுவிட்டு மாணவி அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கிட்டுக்கு இரண்டு பேர்தான். நான்கு பேரை உட்கார வைத்தால் ஒருத்தி செய்வாள், மூவர் நோட்டில் எழுதுவார்கள். வீட்டில் ஸ்க்ரூடிரைவரை அண்ணன் தம்பி கையிலேயே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஒதுக்கம் எளிதில் பழகிவிடும். முதல் வகுப்பே வயரின் தோலை உரித்து, முறுக்கி, திருகுவதுதான்.

ஆர்டுயினோ போர்டைக் கணினி கண்டுகொள்ளாவிட்டால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் தகவல் போகாது. அடுத்து சிஎச்340 டிரைவர் (போர்டோடு பேசக் கணினிக்கு வேண்டிய மென்பொருள்) இருக்கிறதா என்று பாருங்கள். எல்இடியோடு 220 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை; பட்டைகள் சிவப்பு, சிவப்பு, பழுப்பு) கட்டாயம். போர்டு தரும் 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ள, மீதி 3 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 14 மில்லிஆம்பியர்தான் ஓடும். போர்டின் பின் (வயர் செருகும் முனை) 20 மில்லிஆம்பியர் வரை நிம்மதியாகத் தாங்கும். மோட்டாரை நேரே அந்தப் பின்னில் கொடுத்தால் அது கெட்டுப்போகும். மோட்டாரை இயக்கும் டிரைவர் போர்டும் தனி பேட்டரியும் வேண்டும், அவற்றின் கிரவுண்டையும் (நெகட்டிவ் முனை) ஆர்டுயினோவின் கிரவுண்டையும் ஒரு வயரால் இணைக்க வேண்டும். மோட்டார் ஓடவில்லை என்று வரும் புகாரில் பெரும்பாலும் இந்த ஒரு வயர்தான் விட்டுப்போயிருக்கும்.

சால்டரிங் மேசைக்கு எதிரே எக்ஸாஸ்ட் ஃபேன், மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டிருக்கிறோம். துப்பட்டாவைப் பின் குத்தி, பின்னலை மேலே கட்டிய பிறகே சால்டரிங் இரும்பைக் கையில் எடுக்க வேண்டும்.

இதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு எட்டாத வேலையல்ல. நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவியர் சேர்ந்து செய்த ஆஸாதிசாட் செயற்கைக்கோள், 2022 ஆகஸ்ட் 7-இல் இஸ்ரோவின் சிறு ராக்கெட்டான எஸ்எஸ்எல்வியின் முதல் பயணத்தில் சரியான பாதை கிடைக்காமல் போனது. ஆஸாதிசாட்-2, 2023 பிப்ரவரி 10-இல் சுற்றுப்பாதையை அடைந்தது. சூரியனை ஆராயும் இஸ்ரோ விண்கலமான ஆதித்யா-எல்1-இன் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜியும் நம் தென்காசி மாவட்டச் செங்கோட்டைக்காரர்தான்.

கூடம் முதலில் 8, 9-ஆம் வகுப்புகளுக்கு. பதினொன்றில் குரூப் எடுத்த பிறகு ஆர்வம் வந்து பயனில்லை. கணிதம், இயற்பியல் விட்டால் பொறியியல் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், உயர்கல்வி படிக்கும்போது புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000-மும் உண்டு என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் தவறாமல் சொல்லுங்கள்.

மீதி ரூ.12,400 அடுத்த ஆண்டு உதிரிபாகத்துக்கு மட்டும். ரசீதுகள் பள்ளி அலுவலகத்தில் உள்ளன. உறுப்பினர்கள் வேலை நேரத்தில் பார்க்கலாம்.

திருப்பணிக் குழு