மூர்த்திக்கு, ஜான் சார்லஸ் பற்றி

அன்புள்ள மூர்த்தி,

நலம். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது என்று படித்த பிறகுதான் நிம்மதி. மாடிப்படியில் மட்டும் அவசரப்படாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். மகள் அடுத்த மாதம் குழந்தைகளோடு வருகிறாள்.

பேரனைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். பதினைந்து வயதிலேயே ஆறடியை எட்டிவிட்டான், கால்பந்தில் ஸ்டாப்பர் (கோலுக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கிறவன்) ஆடுகிறான், ஆனால் யாரையும் இடிக்க மாட்டேன் என்கிறான், கோச் தினமும் திட்டுகிறார். "இவ்வளவு சாதுவாக இருந்தால் தேறுவானா?" என்று கேட்டிருக்கிறாய். எனக்கு உடனே ஜான் சார்லஸ் ஞாபகம்தான் வந்தது. ஹாஸ்டலில் விடிய விடிய பெலேயைப் பேசினோமே, இவரைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை.

வேல்ஸில் ஸ்வான்சீ ஊர்க்காரர், 1931இல் பிறந்தவர். உள்ளூர் கிளப்பில் மைதான வேலைப் பையனாகச் சேர்ந்தார். அவர்கள் முதல் அணியில் ஒரு ஆட்டம்கூட ஆடவிடவில்லை. பதினேழு வயதுக்குள் இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் கிளப் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அங்கே உன் பேரனைப் போல அவரும் ஸ்டாப்பர்தான். ஆறடி இரண்டு அங்குலம், அதற்கேற்ற உடம்பு. 1952இல் மேலாளர் ஃபிராங்க் பக்லி அவரை சென்டர் ஃபார்வர்டாக, அதாவது முன்னால் நின்று கோல் போடுகிறவராக, ஆடவைத்துப் பார்த்தார். 1953-54 சீசனில் லீக் ஆட்டங்களில் மட்டும் 42 கோல்! லீட்ஸில் அதை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

1956இல் லீட்ஸ் மைதானத்தின் மேற்கு ஸ்டாண்ட் தீப்பிடித்துச் சாம்பலானது. மறுபடி கட்டப் பணம் வேண்டும். மறு வருஷம் இத்தாலியின் யுவென்டஸ் 65,000 பவுண்டு கொடுத்து சார்லஸை வாங்கியது. அதுவரை எந்த பிரிட்டிஷ் ஆட்டக்காரருக்கும் அவ்வளவு தொகை கொடுத்ததில்லை. அந்தப் பணம் ஸ்டாண்ட் வேலைக்கு உதவியது. இன்று அந்த ஸ்டாண்டுக்கு அவர் பெயர்தான்.

யுவென்டஸின் ஊரான தூரினில் முதல் சீசனிலேயே 28 கோல். லீக்கில் அவர்தான் முதலிடம், யுவென்டஸ்தான் சாம்பியன். ஐந்து வருஷத்தில் மூன்று முறை லீக் பட்டம். பக்கத்தில் ஆடிய ஓமர் சீவோரி குள்ளமான ஆள், பொசுக்கென்று கோபம் வரும். அவரை அடக்கி வைப்பதும் சார்லஸின் வேலைதான்.

இப்போது நான் சொல்வதைப் பேரனை உட்கார வைத்துப் படித்துக் காட்டு. தூரினில் இன்னொரு கிளப் உண்டு, டோரினோ. இரண்டுக்கும் ஜென்மப் பகை. அவர்களோடு ஒரு ஆட்டம். சார்லஸ் பந்தோடு ஓடும்போது அவர் முழங்கை தெரியாமல் பட்டு எதிரணித் தடுப்பாளர் சுருண்டு விழுந்துவிட்டார். முன்னால் கோல்கீப்பர் மட்டும்தான். நடுவர் விசில் ஊதவில்லை. சார்லஸ் என்ன செய்தார் தெரியுமா? பந்தைக் கோட்டுக்கு வெளியே உதைத்துவிட்டு, விழுந்தவருக்கு வைத்தியம் பார்க்க வழிவிட்டார். இத்தாலிக்காரர்கள் அவருக்கு 'நல்ல ராட்சசன்' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. ஆடிய காலம் முழுக்க ஒரு நடுவர்கூட அவரை எச்சரித்ததும் இல்லை, வெளியே அனுப்பியதும் இல்லை.

அந்தச் சாதுத்தனத்துக்கு அவர் கொடுத்த விலையும் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. 1958 உலகக் கோப்பை, ஸ்வீடன். ஹங்கேரியோடு முதல் ஆட்டத்தில் தலையால் முட்டி கோல் போட்டு சமன் செய்தார். அதே ஹங்கேரியோடு ஜூன் 17இல் மறுபடி ஆட வேண்டி வந்தது. கோல் விழுந்தால் இவரால்தான் விழும் என்று அவர்களுக்குத் தெரியும். காலைக் குறிவைத்து உதைத்துக்கொண்டே இருந்தார்கள். இவர் திருப்பி உதைக்கவில்லை. வேல்ஸ் 2-1 என்று ஜெயித்தது, ஆனால் இவரால் நடக்க முடியவில்லை. இரண்டே நாளில் கோத்தன்பர்க்கில் பிரேசிலோடு கால் இறுதி. வேல்ஸ் 1-0 என்று தோற்றது. கோல் போட்டது யார்? நம் பெலேதான், பதினேழு வயதில். அதுதான் உலகக் கோப்பையில் அவருடைய முதல் கோல். அதைப் பற்றி நாம் எத்தனை இரவு பேசியிருப்போம்! அன்றைக்கு எதிரணியில் யார் ஆடவில்லை என்று நமக்குத் தோன்றவே இல்லையே. வேல்ஸ் மறுபடி உலகக் கோப்பைக்குப் போக 64 வருஷம் ஆயிற்று. சார்லஸ் அதைப் பார்க்க இல்லை, 2004லேயே போய்விட்டார்.

எனவே பையனை இடிக்கச் சொல்லாதே. எகிறச் சொல்லிக்கொடு. அந்த உயரத்துக்குத் தலையால் முட்டும் ஹெட்டர் பழகினால் போதும், இடிக்கவே வேண்டியிருக்காது. கோச்சிடமும் ஒரு வார்த்தை சொல்லிப் பார், ஒருமுறை முன்னால் நிறுத்தி ஆடவைக்கட்டும்.

லீவில் அவனையும் கூட்டிக்கொண்டு வா. பந்தை நான் தூக்கிப் போடுகிறேன், நீ நாற்காலியில் உட்கார்ந்து எண்ணு.

அன்புடன்,
சேகர்