அந்தப் பையனுக்கு ஒண்ணும் இல்லடி

அன்புள்ள கலா,

தீபாவளிக்கு நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜுக்கு இன்னும் பதில் போடலைன்னு கோவமா இருப்பே, இருந்துக்கோ, பொங்கலுக்கு நேர்ல வந்து திட்டு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. சாந்தி இன்னும் அதே ஸ்கூட்டிதான், நீ கட்டின பந்தயத்துல தோத்துட்டே, ஒழுங்கா பணத்தை எடுத்து வை.

இப்போ விஷயம். எங்க இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல, நான் பாடம் எடுக்கற நாலாம் கிளாஸ்ல ஒரு கொரியப் பையன், ஆகஸ்ட்லதான் வந்து சேர்ந்தான், அவங்கப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனியில வேலை. போன வாரம் மீட்டிங்ல அவனை லேர்னிங் சப்போர்ட்டுக்கு, அதான் படிப்புல தனி உதவி வேண்டிய பசங்க பிரிவுக்கு, மாத்தணும்னு பேப்பர் வந்துச்சு. வாயே திறக்க மாட்டேங்கறான், சயின்ஸ் டெஸ்ட்ல வெத்துத் தாளைக் குடுத்தான், அதனால அவனுக்குக் கத்துக்கறதுல ஏதோ பிரச்சனையாம். எனக்கு வந்துச்சே ஆத்திரம்!

ஏன்னா அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் ஐஸ் போட்ட டம்ளரை வச்சு, வெளிப்பக்கம் முத்து முத்தா தண்ணி எங்கேருந்து வருதுன்னு கேட்டிருந்தேன். பாதிப் பேரு ஐஸ் உருகி டம்ளர் வழியா கசியுதுன்னாங்க. நான் அவங்கவங்க வீட்டு மொழியிலயே முதல்ல பேசிக்கோங்கன்னு விட்டுட்டேன். இந்தப் பையன் இன்னொரு கொரியப் பொண்ணுகிட்ட படபடன்னு பேசறான், படம் போடறான், அவன் சொன்னதை அவ இங்கிலீஷ்ல சொல்றா: "உள்ள கலர் தண்ணி ஊத்துங்க மிஸ், வெளிய வர்றதும் கலரா இருந்தாதான் கசியுது." ஊத்தினோம். வெளிய வந்தது தெளிஞ்ச தண்ணி. நாலாம் கிளாஸ் பையன் ஒரு சோதனையையே யோசிச்சு சொல்றான்டி, அவனுக்கு மூளையில என்ன குறை?

டொரன்டோவுல மொழிக் கல்வி ஆராய்ச்சி பண்ற ஜிம் கம்மின்ஸ் 1979லயே பிரிச்சுச் சொல்லிட்டாரு. விளையாட்டு மைதானத்துல பேசற இங்கிலீஷ் ரெண்டு வருஷத்துக்குள்ள வந்துரும், பாடத்தைப் படிச்சு விளக்கி எழுதற மொழி வர 5 முதல் 7 வருஷம் வரைக்கும் ஆகும். நம்ம ஸ்டெல்லா மேடம் கிளாஸ்ல இதைப் பரிட்சைக்கு நெட்டுரு போட்டோம். இங்க கொடுமை என்னன்னா இந்தப் பசங்க அப்பாவோட போஸ்டிங் முடிஞ்சா கிளம்பிருவாங்க. அந்த 5 வருஷம் அவங்களுக்கு இந்த ஊர்ல கிடைக்கவே கிடைக்காது. சியோலுக்கே திரும்பிப் போனா அங்க கொரியன்லதான சயின்ஸ் படிக்கணும்? இங்க இருக்கறவரை அந்த மொழியைப் பூட்டி வைன்னு சொன்னா, ரெண்டு பக்கமும் இல்லாம நடுவுல நிக்க வைக்கறோம்.

அதனால பிளானிங்லயே கை வைக்கணும்னு சண்டை போட்டுட்டு இருக்கேன். பாடத்தைத் திட்டமிட நாங்க நிரப்பற பிளானர்ல எல்லாக் கட்டமும் இருக்கு, மைய சிந்தனை, கேள்விகள், மதிப்பீடு எல்லாம். "மாணவர்கள் விளக்குவார்கள்"னு எழுதிட்டு போயிடறாங்க, அப்படி விளக்க என்ன மாதிரி வாக்கியம் வேணும்னு எழுத ஒரு கட்டம் கிடையாது. யோசிச்சுப் பாரு, கொரியன், ஜப்பான் மொழி, தமிழ் மூணுலயும் காரணம் முன்னாடி வரும், வினை கடைசியில வரும். இங்கிலீஷ்ல பெரும்பாலும் நடந்ததை முதல்ல சொல்லிட்டு காரணத்தைப் பின்னாடி சேக்கறாங்க. கிளாஸ்ல ஒரு ஜெர்மன் பொண்ணு இருக்கா, அவளுக்கு வேற தொல்லை, அவங்க மொழியில 'ஏன்னா'ன்னு ஆரம்பிச்சா அந்த வாக்கியத்தோட வினை கடைசிக்குப் போயிரும். இது முன்னாடியே தெரிஞ்சா பசங்க மீதியை நிரப்பற மாதிரி நாலு பாதி வாக்கியம் எழுதி போர்டுல ஒட்டிரலாம், டெஸ்ட்ல வந்து சிவப்பு மை போட வேண்டாம். கணக்குலயும் இதே கதைதான். ஜெர்மன் பொண்ணு மூணரையை 3,5ன்னு கமா போட்டு எழுதறா, நாம 1,00,000ன்னு எழுதறோம், புத்தகத்துல 100,000, கொரியாவுல பத்தாயிரம் பத்தாயிரமா எண்ணறாங்க. பெரிய எண்கள் பாடம் ஆரம்பிக்கற அன்னைக்கே இதெல்லாத்தையும் ஒரே போர்டுல எழுதிப் போட்டா அதுவே அருமையான பாடம்.

ஆஸ்திரேலியாவுல பாலின் கிப்பன்ஸ்னு ஒரு மொழிக் கல்வி ஆராய்ச்சியாளர் காந்தப் பாடத்தை வச்சுக் காட்டின வரிசையைத்தான் நான் பிடிச்சுக்கிட்டேன்: முதல்ல கையில பொருளை வச்சுக்கிட்டு பக்கத்துல இருக்கறவன்கிட்ட பேச்சு, அப்புறம் டீச்சர் துணையோட கிளாஸுக்கே சொல்றது, கடைசியிலதான் எழுத்து. முதல் படியில எந்த மொழியா இருந்தாலும் சரிங்கறது நான் சேத்துக்கிட்டது. யூனிட் ஆரம்பிக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே தலைப்பை வீட்டுக்கு அனுப்பிடறேன், அப்பா அம்மா அவங்க மொழியில பேசி அனுப்பினா பாதி வேலை முடிஞ்சுது. வேல்ஸ்ல ஒரு மொழியில படிச்சு இன்னொரு மொழியில எழுத வைக்கறதை 1990கள்லயே பாடமுறையா பண்ணியிருக்காங்க, இங்க வராண்டாவுல 'இங்கிலீஷ் ஒன்லி'ன்னு போஸ்டர்.

கலா, இதுல எனக்கு ரொம்ப வலிக்கறது வேற. கொரியனுக்கு, ஜப்பானுக்கு எடம் குடுங்கன்னா தலையாட்டறாங்க, தமிழுக்குன்னு கேட்டா முகம் மாறுது. சென்னையில நடக்கற ஸ்கூல்டி! கிளாஸ்ல தமிழ்ப் பசங்க இருக்காங்க, ஆயாம்மா தமிழ், வாட்ச்மேன் தமிழ், பஸ் டிரைவர் தமிழ். ஆனா பிளானர்ல தமிழ்னு ஒரு சொல் கிடையாது. தமிழ்ப் பசங்க ரெண்டு பேரை ஒரே டேபிள்ல உக்கார வச்சு தமிழ்லயே பேசுங்கன்னா ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கறாங்க, தப்பு பண்ற மாதிரி. ஒரு பொண்ணோட அம்மா போன் பண்ணி, "இவ்ளோ ஃபீஸ் கட்டறது தமிழ்ல பேசறதுக்கா மேடம்"னு கேட்டாங்க. அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, தமிழ்னா படிப்புக்கு ஆகாதுன்னு அவங்களுக்கு யாரோ சின்ன வயசுலயே சொல்லிக் குடுத்திருக்காங்க. அந்தப் பொண்ணோட பாட்டிக்கு இங்கிலீஷ் வராது. இன்னும் கொஞ்ச வருஷத்துல அவங்க ரெண்டு பேரும் எதைப் பத்தி, எந்த மொழியில பேசிக்குவாங்க?

பையன் விஷயம் இப்போதைக்கு நின்னிருக்கு. கொரியன்ல ஒருதடவை சோதிச்சுப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்னு ஒத்துக்க வச்சுட்டேன்.

உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். தளியில உன் கிளாஸ்ல பாதிப் பேரு வீட்ல தெலுங்கு, கன்னடம், நீ தமிழ்ல பாடம் நடத்தறே, பசங்க ஜோரா பேசறாங்க. ஒரே மொழிக்காரங்களை எப்போ சேத்து உக்கார வைக்கறே, எப்போ கலைச்சு விடறே? தனியா ஒரே ஒரு குழந்தைக்கு மட்டும் அந்த மொழி இருந்தா என்ன பண்றே? எனக்கு ஜெர்மன் பொண்ணு அப்படித்தான் தனியா நிக்கறா. உன் பாடக்குறிப்பு நோட்டை பக்கம் பக்கமா போட்டோ எடுத்து அனுப்பு, கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருந்தாலும் பரவாயில்ல, நான் படிச்சுக்குவேன். பொங்கல் லீவு முடிஞ்சதும் ஆறுகள் பத்தின யூனிட் ஆரம்பிக்குது, அதுக்குள்ள வேணும்.

அண்ணனுக்கு வணக்கம் சொல்லு. குட்டிக்கு முத்தம்.

உன்,
மீனா