பாக்கெட்டின் முகத்தில் வைத்த பொட்டு

அன்பு மகளுக்கு,

காங்கேயத்திலிருந்து அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மழை ஏமாற்றிவிட்டது, மற்றபடி குறையொன்றும் இல்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ இங்கிலாந்தில், லீட்ஸில் கடைக்குள் நின்றுகொண்டே போனில் அழைத்து, இரண்டு தானிய உணவு அட்டைப் பெட்டிகளைத் தூக்கிக் காட்டி, "அப்பா, பையனுக்குக் காலையில் கொடுக்க இதில் எதை எடுக்கட்டும்?" என்று கேட்டாய். ஒன்றின் முகத்தில் சர்க்கரைக்கு நேராகச் சிவப்பு இருந்தது. மற்றதில் மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. "சிவப்பில்லாததை எடு அம்முணி" என்று சொல்லி வைத்துவிட்டேன். முப்பத்திரண்டு வருடமாக மளிகைக் கடை நடத்துகிறவன் சொல்லும் பதில் அவ்வளவுதானா என்று அன்று இரவு எனக்கே வெட்கமாக இருந்தது. அதன் பிறகு அந்த வண்ணங்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

உன் ஊரில் 2013ஆம் ஆண்டு முதல் ஒரே மாதிரியாகப் போடச் சொல்லியிருக்கும், சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமா குறைவா என்று காட்டும் அந்த வண்ண அடையாளத்தில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. வண்ணத்தைப் பெரும்பாலும் 100 கிராமுக்கு என்ன இருக்கிறது என்பதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். ஆனால் அதற்குள் எழுதியிருக்கும் எண்ணோ ஒரு வேளைக்கு உண்பதாக அவர்கள் வைத்துக்கொண்ட அளவுக்கு உரியது. 100 கிராமில் சர்க்கரை 22.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 5 கிராமோ அதற்குக் கீழோ இருந்தால் பச்சை, இடைப்பட்டதெல்லாம் மஞ்சள். உப்பு 1.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 0.3 கிராம் வரை பச்சை. குடிக்கும் பொருளுக்கு அளவுகோல் இன்னும் கடுமை. 100 மில்லியில் 11.25 கிராம் சர்க்கரையைத் தாண்டினாலே சிவப்பு விழுந்துவிடும்.

நீ காட்டிய முதல் பெட்டியில் 100 கிராமுக்குச் சர்க்கரை 25 கிராம். ஒரு வேளை என்று அவர்கள் போட்டிருப்பது 30 கிராம். ஆகவே பெட்டியின் முகத்தில் 7.5 கிராம் என்றும், ஒரு நாள் அளவில் 8 சதவீதம் என்றும் இருக்கிறது. எட்டு சதவீதம் என்றால் யாரும் பயப்பட மாட்டார்கள். ஆனால் அந்தச் சதவீதம் வளர்ந்த ஒருவருடைய நாளுக்கு உரியது. அதிலும் பால், பழம் எல்லாவற்றிலும் உள்ள சர்க்கரையைச் சேர்த்து 90 கிராம் என்று கணக்கிட்டது. நம் பேரனுக்கு ஐந்து வயது. நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, பழத்திலும் பாலிலும் இயல்பாக இருப்பது போக, சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 19 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்று உங்கள் நாட்டு அரசு மருத்துவச் சேவையே சொல்கிறது. அந்தக் கணக்கில் அவனுடைய ஒரு நாள் பங்கில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த ஒரு கிண்ணத்திலேயே தீர்ந்துவிடுகிறது; அவன் 30 கிராமோடு நிறுத்திக்கொள்ள மாட்டான் என்பதும் உனக்கும் எனக்கும் தெரிந்த கதைதான். ஆகவே வண்ணத்தை நம்பு. உள்ளே இருக்கும் சதவீதத்தை அவனுக்கென்று படிக்காதே. அந்த அடையாளம் அங்கே கட்டாயம் இல்லை என்பதையும் மறந்துவிடாதே. முகத்தில் வண்ணமே இல்லாத பெட்டியைச் சந்தேகமில்லாத பெட்டி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைத் திருப்பிப் பார்.

திருப்பிப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் உன் அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தவுடன், டீக்கு அதுவரை தொட்டுக்கொண்ட பிஸ்கட்டை விட்டுவிட்டு, கோதுமைக் கதிர் படம் போட்டு, நார்ச்சத்து என்று பெரிதாக எழுதிய ஒரு பிஸ்கட்டுக்கு மாறினாள். எடுத்துக் கொடுத்தவனும் நான்தான். ஒரு வருடம் அதைத்தான் தின்றாள். ஒருநாள் சரக்கு இறக்கும்போது மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தேன். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் 100 கிராமுக்குச் சேர்த்த சர்க்கரை 20 கிராம் என்று இருந்தது. பழைய பிஸ்கட்டைவிட இரண்டே கிராம் குறைவு. பொய் எங்கும் எழுதப்படவில்லை. கோதுமை முன்னால் நின்றது, சர்க்கரை பின்னால் நின்றது, அவ்வளவுதான்.

நம் நாட்டில் சேர்த்த சர்க்கரை, உப்புச் சத்தான சோடியம், கொழுப்பு எல்லாவற்றையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. ஒரு நாளைக்குச் சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2,000 மில்லிகிராம், அதாவது 5 கிராம் உப்பு என்ற அளவோடு ஒப்பிட்டும் போட வேண்டும். போடுகிறார்கள். ஆனால் நம் கடையில் ஒருவர் பிஸ்கட் அலமாரியின் முன் நிற்பது எத்தனை நேரம் என்று நீ சிறுமியாகக் கல்லாவில் உட்கார்ந்தபோதே பார்த்திருப்பாய். கை நீளும், எடுக்கும், போய்விடும். அந்த இரண்டு மூன்று நொடிக்குள் பேசத் தெரிந்தது முன்பக்கம் மட்டும்தான். பச்சைப் புள்ளியைப் பார். சைவம் என்பதற்கு அந்தப் பச்சைப் புள்ளி வந்தபின், புரட்டாசி மாதத்தில் எழுத்துத் தெரியாத பாட்டிமார் கூட கேக் பாக்கெட்டில் புள்ளியைத் தேடிவிட்டுத்தான் வாங்குகிறார்கள். யாரும் அவர்களுக்கு வகுப்பு நடத்தவில்லை.

அதை வைத்துத்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. நீ சிரிக்கக் கூடாது. பேனாக் கடையில் வட்ட வட்டமாக ஒட்டும் வண்ணக் காகிதம் வாங்கி, உங்கள் ஊர்க் கணக்கின்படி பிஸ்கட் அலமாரியிலும் சத்துமாவு அலமாரியிலும் சர்க்கரைக்கு மட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று விலைச் சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பச்சை ஒட்ட எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. ஒரு உப்பு பிஸ்கட்டுக்கு மட்டும் ஒட்டினேன், அதற்கும் உப்புக் கணக்கில் சிவப்பு விழும் என்பதால் மனசாட்சி உறுத்தி மறுநாள் கிழித்துவிட்டேன். முதல் இரண்டு நாள் சிவப்பு ஒட்டியதுதான் வேகமாகப் போயிற்று. காரணம் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது சிவன்மலையிலிருந்து வரும் ஒரு அம்மா, "ஏனுங்ண்ணா, செவப்புப் பொட்டு வெச்சதுக்கு எத்தன ரூவா கொறைக்கறீங்க?" என்று கேட்டார். சிவப்பு என்றால் தள்ளுபடி என்று ஊரே நினைத்திருக்கிறது. அதன் பிறகு "சிவப்பு என்றால் சர்க்கரை அதிகம்" என்று தமிழில் பெரிதாக எழுதிக் கட்டித் தொங்கவிட்டேன்.

அந்த ஒரு வரிக்குப் பிறகு நடந்தது வேறு. யாரும் பிஸ்கட் வாங்குவதை நிறுத்தவில்லை. ஆனால் எடுத்த கை ஒரு கணம் நின்று பக்கத்து அடுக்குக்கு நகர்ந்ததைப் பலமுறை பார்த்தேன். சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு. பிள்ளைகள்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் தாத்தாவிடம், "அது வேண்டாம், உங்களுக்குச் சிவப்பு ஆகாது" என்று அதட்டிக்கொண்டிருந்தான். கம்பெனிச் சரக்கு கொண்டுவரும் ஒருவர் மட்டும் முகம் சுளித்து, ஒட்டியதை எடுக்காவிட்டால் கண் மட்டத்தில் அடுக்குவதற்காகத் தரும் மாத வாடகை இனி வராது என்று நயமாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாடகை வராவிட்டால் நம் கடை மூழ்கிவிடாது. இருந்தாலும் ஒரு பொட்டுக்கு அவர் அவ்வளவு பயந்ததுதான் எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது.

மற்ற நாடுகளிலும் அந்தப் பயம்தான் வேலை செய்திருக்கிறது. சிலி நாட்டில் 2016ஆம் ஆண்டு சர்க்கரை, உப்பு, கெட்ட கொழுப்பு எனப்படும் நிறை கொழுப்பு, கலோரி என எது வரம்பைத் தாண்டினாலும் பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோணத்தில் "இது அதிகம்" என்று அச்சிடக் கட்டாயப்படுத்தினார்கள். அந்தப் பாக்கெட்டில் குழந்தைகளை இழுக்கும் கேலிச்சித்திர உருவமும் கூடாது என்றார்கள். பிறகு ஆராய்ந்தபோது சர்க்கரைப் பானங்களை வீடுகள் வாங்கும் அளவு ஏறத்தாழ 24 சதவீதம் குறைந்திருந்தது. வாங்குபவர் மாறியது ஒரு பக்கம். கறுப்பு முத்திரை விழக் கூடாது என்று தயாரிப்பவர்கள் சர்க்கரையையும் உப்பையும் தாங்களாகவே குறைத்தது இன்னொரு பக்கம். எதையும் படிக்காமல் வாங்குகிறவருக்கும் அதில் பலன் போய்ச் சேர்கிறது. சிங்கப்பூரில் சர்க்கரை, நிறை கொழுப்பு அளவை வைத்துப் பானங்களை ஏ முதல் டி வரை தரம் பிரித்து, சி, டி என்றால் அதைக் கட்டாயம் அச்சிட வைத்தது 2022 டிசம்பர் கடைசியில். அறிவிப்பு வந்ததிலிருந்தே நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைக்க ஆரம்பித்துவிட்டன.

நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 செப்டம்பரில் அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கலாம் என்று ஒரு வரைவை வெளியிட்டது. உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரலில் மூன்று மாதத்துக்குள் நிபுணர் குழு முடிவு சொல்லட்டும் என்றது. எனக்கு நட்சத்திரத்தில் நம்பிக்கை இல்லை. அரை நட்சத்திரமும் நட்சத்திரம்தானே; ஓட்டலுக்கு வைப்பதைப் போல அதையும் பெருமையாகத்தான் நம் மக்கள் படிப்பார்கள். நார்ச்சத்து கொஞ்சம் சேர்த்தால் சர்க்கரைக்குப் போகும் மதிப்பெண் திரும்பி வந்துவிடும் என்றால், உன் அம்மாவின் கோதுமை பிஸ்கட் கதைதான் மறுபடியும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நம் ஊர்ப் பொருளுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. இங்கே களத்தில் காயும் கொப்பரையிலிருந்து ஆட்டும் தேங்காய் எண்ணெயில் நூற்றில் சுமார் தொண்ணூறு பங்கு நிறை கொழுப்பு. உன் ஊர்க் கணக்கில் 100 கிராமில் அது 5 கிராமைத் தாண்டினாலே சிவப்பு. செக்கு வைத்திருக்கும் உன் பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிரான்சில் 2017ஆம் ஆண்டு ஏ முதல் இ வரை எழுத்தால் தரம் காட்டும் அடையாளம் வந்த பிறகு, தங்கள் ஆலிவ் எண்ணெயையும் நாள்பட்ட பாலாடைக்கட்டியையும் இறக்கிக் காட்டுகிறது என்று இத்தாலிக்காரர்கள் கொதித்ததும் இதே கோபம்தான். ஒரு பொருளைத் தனியாக நிறுத்தி அதன்மேல் போடும் முத்திரை அது, நம் சாப்பாட்டுத் தட்டின்மேல் போடுவது அல்ல என்பதை நீயும் நினைவில் வை. ஒரு கரண்டி எண்ணெயையும் ஒரு கிண்ணம் தானியத்தையும் அதை வைத்து ஒப்பிடாதே. தானியத்தைத் தானியத்தோடும் பிஸ்கட்டைப் பிஸ்கட்டோடும் ஒப்பிடத்தான் அது உதவும். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை சேர்த்தது என்று எழுதியிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். மணம் வேறு, ருசி வேறு. உடம்புக்குள் போனால் பெரும்பங்கு அதே சர்க்கரைதான். இதை நான் எழுதினேன் என்று உன் அமுச்சியிடம் மட்டும் சொல்லிவிடாதே.

வியாழக்கிழமை பார்சல் போடுகிறேன். கொள்ளு இரண்டு கிலோ, ராகி மாவு, அம்மா அரைத்த சாம்பார்ப் பொடி, பேரனுக்குச் சந்தகைக்கு அரிசி மாவு எல்லாம் இருக்கும். நீ கேட்டிருந்த அந்தப் பாலில் கலக்கும் சாக்லேட் பவுடரை மட்டும் வைக்கவில்லை. பின்பக்கம் படித்துப் பார்த்தேன், 100 கிராமில் மூன்றில் ஒரு பங்கு சேர்த்த சர்க்கரை. பையன் கேட்டால் அப்பிச்சி கடையில் தீர்ந்துவிட்டது என்று சொல். நம் அலமாரியில் இன்னும் பதினோரு டப்பா சிவப்புப் பொட்டோடு நிற்கிறது. அவன் போனில் கடையைக் காட்டச் சொன்னால் அந்தப் பக்கம் திருப்பாமல் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா